வெரோனிகாவின் கையில் ஆர்தரின் வாட்ச்

ஆர்தரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வாய் கசக்கிறது. ஆனால் வெரோனிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவனை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. முப்பத்தொரு வருடமாக அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பவன் அவன்தானே.

நான் கத்தரீன். தேயிலை எஸ்டேட் லயனில் அவர்களுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அவன் ஏப்பம் விட்டால் என் அடுப்படி வரைக்கும் கேட்கும். சாப்பிட்ட பிறகு அவன் பல் குத்துகிற சத்தத்தையும் கேட்டிருக்கிறேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

வெரோனிகாவுக்கு ஐம்பத்தாறு வயது. இப்போது மலையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்கள். எங்கள் பெண்களில் இன்னும் கொழுந்து வெட்டப் போகிறவர்கள் நாலு பேர், அதில் இவள் ஒருத்தி. காலையில் ஆறரைக்குக் கத்தரியோடு ஏறினால் மூன்று மணி வரை சரிவில் ஏறுவதும் இறங்குவதும்தான். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, கூட்டல், கழுவல். ஆர்தர் ஃபேக்டரி கேட்டில் செக்குரிட்டி. நாற்காலியில் உட்கார்ந்திருந்து, லோரி வந்தால் எழுந்து தடுப்புக் கம்பைத் தூக்க வேண்டும். அதற்கே வீட்டுக்கு வந்து இடுப்பு வலி என்பான், அவள் எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவன் போன வருடக் கடைசியில் உடற்பயிற்சி வீரனாகிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமும் எங்கள் கோயிலில் ஒரு நடைப்போட்டி வைத்தார்கள். யார் அதிக அடி நடக்கிறார்களோ அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் ஃபாதர் கையால் ஹேம்பர், தின்பண்டங்கள் அடுக்கிய பரிசுக்கூடை. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் மெல்வின் அப்பாவுக்கு ஒரு வாட்ச் அனுப்பிவைத்தான். கையில் கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும், நாடித் துடிப்பையும் எண்ணும். எல்லாம் ஆர்தரின் போனுக்குப் போகும். அங்கேயிருந்து மெல்வினும் தன் போனில் பார்க்கலாம்.

முதல் நாள் ஆர்தர் லயன் கோடி வரை நடந்தான். இரண்டாம் நாள் முட்டி வலி. மூன்றாம் நாள் வாட்ச் வெரோனிகாவின் கையில் இருந்தது.

"என்ன இது, புதுசா இருக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்கு முட்டி வலிக்குதுக்கா. எப்படியும் நான் நடக்கிறதுதானே. சும்மா போற அடி, அவரு கணக்குல போவட்டுமே."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆர்தர் கோயில் வாசலில் நின்று போனை நீட்டுவான். பதினெட்டாயிரம் அடி, பத்தொன்பதாயிரம் அடி. மற்ற ஆண்கள் தோளைத் தட்டிக் கொடுப்பார்கள். மூச்சை எப்படி இழுக்க வேண்டும், நடந்துவிட்டு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பாடம் வேறு எடுப்பான். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே தொப்பை பிதுங்கிக்கொண்டிருக்கும். பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. புருசன் பெண்டாட்டி விஷயம், நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் என் மேலேயும் எனக்கு அருவருப்புதான்.

டிசம்பரில் பலகார வேலை தொடங்கியது. அச்சுமுறுக்கு, நெய் உருண்டை, அன்னாசி ஜாம் வைத்துச் சுடுகிற தார்ட், பழக்கேக். வேலைவிட்டு வந்து மூன்றரைக்கெல்லாம் வெரோனிகா அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். அப்போதும் வாட்ச் அவள் கையில்தான். மாவு பிசைவதும் கணக்கில் சேரும் என்று ஆர்தர் கண்டுபிடித்திருந்தான். ஒருநாள் எண்ணெய் தெறித்து அவள் மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுகிற முறுக்கை நொறுக்கிக்கொண்டே, "பாத்துலா, வாட்சுல பட்டுடப் போவுது" என்றான். முறுக்குத்தூள் மீசையில் ஒட்டியிருந்தது. நக்கிய விரலை மறுபடியும் டின்னுக்குள் விட்டான். அந்த வருடம் அவர்கள் வீட்டு முறுக்கை நான் தொடவில்லை.

இரண்டு தடவை அவள் அச்சை எண்ணெயில் விட்டுவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். நெஞ்சில் கையை வைத்திருந்தாள். என்ன என்று கேட்டால், "எண்ணெய்ப் புகைக்கா, ஒண்ணுமில்ல" என்றாள்.

இருபதாம் தேதி மெல்வின் வந்து இறங்கினான். நாலு கிறிஸ்துமஸாக இந்தப் பக்கம் தலைகாட்டாதவன். ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் நண்பன் கல்யாணம், ஒரு வருடம் மலைப்பாதை ஜாம் என்று ஏதாவது சொல்வான். இப்போது கார் நிறைய ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோட்டின் மாவு. அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு, ஈப்போவில் ஸ்பெஷலிஸ்ட்டிடம் காட்டப் போகிறேன், ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன் என்றான்.

"என்னாப்பா பண்ணுது?" என்று ஆர்தரைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஹார்ட்டுக்கா" என்றான், ஏதோ பட்டம் வாங்கினவன் மாதிரி.

மகன் வருவதற்குள் வாட்ச் ஆர்தரின் கைக்குத் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து வெரோனிகாவுக்கு இரண்டு சமையல். மகனுக்குக் கோழிப் பிரட்டல், அப்பனுக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி. ஓட்ஸ் கஞ்சி ஆறிப்போனால் ஆர்தர் முகத்தைச் சுளிப்பான், அவள் மறுபடியும் சூடுபண்ணிக் கொண்டுவர வேண்டும். யாரும் பார்க்காதபோது தார்ட் டின் காலியாகிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்றாம் தேதி கம்போங் ராஜா வழியாக ஈப்போ போய்த் திரும்பினார்கள். ஆர்தருக்கு ஒரு குறையும் இல்லையாம். கிறிஸ்துமஸ் பூசையில் ஹேம்பரும் வாங்கிக்கொண்டான். கோயிலே கைதட்டியது, வெரோனிகாவும் தட்டினாள்.

மறுநாள் நன்றிச் சாப்பாடு என்று என்னையும் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் மெல்வின் ஈப்போ கதையைச் சொன்னான். டிரெட்மில்லில் ஏற்றி நடக்கவிட்டார்களாம், நாலாவது நிமிடமே அப்பா போதும் போதும் என்று இறங்கிவிட்டாராம். தினமும் பத்தொன்பதாயிரம் அடி நடக்கிறவரா இவர் என்று டாக்டரே சிரித்தாராம்.

"ஆனா நல்ல ஹார்ட்டாம், பெரியம்மா. இந்த வாட்ச் காட்டுனதப் பாத்துதான் நான் பயந்துட்டேன்," என்று போனை என்னிடம் நீட்டினான்.

வாங்கிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால், துடிப்பு நூற்று அறுபத்திரண்டு. மத்தியானம் மூன்றே முக்கால், உட்கார்ந்திருக்கும்போதே நூற்று முப்பது. துடிப்பு ஒழுங்காக இல்லை, மருத்துவரைப் பாருங்கள் என்று கீழே சிவப்பு எழுத்து. அப்படி ஏழு தடவை வந்திருந்தது.

ஆர்தரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த வெள்ளைக் கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். வாட்ச் கணக்கைப் பார்த்துப் பயந்து மகன் போன் பண்ணிய அன்றைக்கே தெரியும். காரில் உட்கார்ந்து ஈப்போ வரை போய், டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி நின்று, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி வந்திருக்கிறான். ஒரு ஹேம்பருக்காக. இப்படியும் ஒரு ஜென்மமா என்று அவன் தட்டிலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். வெரோனிகா ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அது ஒன்னோட நெஞ்சு வெரோனிகா. அவனோடது இல்ல."

"தெரியும்க்கா," என்றாள். அடுப்பை அணைத்தாள். "மேட்டுல ஏறுனா படபடன்னு அடிக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்த?"

"அப்பாவுக்குன்னு சொன்னதும் ஓடி வந்துட்டான் பாத்தீங்களா. நாலு வருசம் கழிச்சு எம்புள்ள வீட்டுல ஒக்காந்து சாப்புடுறான். எனக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பானாக்கா?"

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. பெத்த பிள்ளையை அப்படி நினைப்பாளா ஒருத்தி. விடுவிடுவென்று மேசைக்கு வந்து மெல்வினிடம் நேராகச் சொன்னேன். வாட்ச் மூணாம் நாளிலிருந்து உங்கம்மா கையில்தான் இருந்தது, இதெல்லாம் அவள் துடிப்பு என்றேன்.

"எதுக்குக்கா இப்ப, சாப்புடுற நேரத்துல," என்றான் ஆர்தர்.

மெல்வின் அப்பாவைப் பார்த்தான், போனைப் பார்த்தான். விரலால் மேலும் கீழும் தள்ளினான். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"அம்மா மேட்டுல வேல செய்றவங்க, பெரியம்மா. அவங்களுக்கு அப்படித்தான் அடிக்கும்."

"ஒக்காந்திருக்கிறப்பவும் அடிச்சிருக்குப்பா. படிச்சுப் பாரு."

"சரி, காட்டலாம். ஆனா எனக்கு லீவு முடிஞ்சிருச்சி, நாளைக்குக் கெளம்பணும். சைனீஸ் நியூ இயருக்கு வருவேன்ல, அப்பப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் எண்ணெய், இனிப்பெல்லாம் கொறைச்சுக்கச் சொல்லுங்க."

ரசச் சட்டியோடு வெரோனிகா கதவோரம் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். வந்து மகன் பக்கத்தில் நின்று, ரசத்தை ஊற்றி, இன்னொரு துண்டு கோழி வைத்தாள். அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான். எனக்கு அங்கே ஒரு வாய் சோறும் இறங்கவில்லை. ஆர்தருக்கு இறங்கியது.

கை கழுவப் போகும்போது அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ரெடியா இரு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். யாரையும் கேக்க வேணாம்."

அவள் மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது, அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மணிக்குப் போலாம்க்கா," என்றாள். "அவன் ஏழரைக்குத்தான் கெளம்புவான். தார்ட் கட்டிக் குடுக்கணும்."