ஒச்சாயி போட்டுக்கொண்ட ஊசி

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்த ஒச்சாயியை அங்கே எல்லாரும் அபிராமி என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்களைப் புதிதாக எடுப்பதில்லை என்றதால், உசிலம்பட்டியில் இருக்கும் தங்கச்சி அபிராமியின் ஆதாரைக் கொடுத்துச் சேர்ந்தவள். முகஜாடை ஒன்று. எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் யாரோ ஒருவரின் கார்டில்தான் வேலை பார்த்தார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

கொரோனா சமயத்தில் கம்பெனிக்குள்ளேயே முகாம் வைத்துத் தடுப்பூசி போட்டார்கள். அந்த வாரமே ஒச்சாயிக்கு வலதுகை மரத்துப்போனது. பிறகு துணியைப் பிடித்து மிஷினில் கொடுக்கக்கூட வலு இல்லை. ஊசியால்தானா என்று கேட்டால் டாக்டர் இருக்கலாம் என்பார், இல்லாமலும் இருக்கலாம் என்பார்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வக்கீல் நூர்ஜான் ஒத்துக்கொண்டார். சான்றிதழைப் பார்த்ததும் சிக்கல். அதன்படி ஊசி போட்டுக்கொண்டவள் அபிராமி. அவளுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. தானே வந்து கை போச்சு என்று சொல்லிவிடுவதாகத் தங்கச்சி சொன்னாள். ஒச்சாயி கேட்கவில்லை.

"பேரு அவளுது, சரி. வலி என்னுதுல்ல."

உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தார்கள். ஊசி இவளுக்குத்தான் போட்டது என்று காட்டாவிட்டால் வழக்கு நிற்காது என்று நூர்ஜான் முன்பே சொல்லிவிட்டார். பிறகு வாய்தா, மறுபடி வாய்தா. துபாய்க்கு வேலைக்கு வந்துவிட்ட நான், என்ன ஆச்சோ என்று பயந்துகொண்டேதான் போன் போடுவேன். "தள்ளி வச்சிட்டாக தம்பி" என்பாள்.

இந்தத் தடவை கம்பெனி மேனேஜர் ஆத்தப்பன் வந்திருந்தார், ஒச்சாயி என்று ஒருத்தி தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று சாட்சி சொல்ல. கோர்ட் வராந்தா பெஞ்சில் இவள் வலதுகையை இடதுகையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கடந்து போனவர் பழக்கதோஷத்தில் நின்றார்.

"ஏனுங்க அபிராமி, கை இன்னும் சரியாகலீங்களா?"

கேட்ட பிறகுதான் பக்கத்தில் நின்ற நூர்ஜானைக் கவனித்தார்.

"இதையே உள்ள வந்து சொல்லிடுங்க, போதும்" என்றார் நூர்ஜான்.

கூண்டில் ஏறிய ஆத்தப்பனால் மறுக்க முடியவில்லை. தங்களிடம் அபிராமியாக இருந்தது இந்த அம்மாதான், முகாமில் வரிசையில் நின்றதும் இவர்தான் என்று ஒத்துக்கொண்டார்.

ஜெயித்த மாதிரிதானே அக்கா என்று போனில் கேட்டேன்.

"ஊசி போட்டுக்கிட்டது நாந்தாங்கிறது முடிஞ்சுச்சு. ஊசியாலதான் கை போச்சுங்கிறத இனிமேத்தான் ஆரம்பிக்கணுமாம்" என்றாள். "அடுத்த வாய்தா தையில."