காஹாங்கில் ஒரு பெலாஞ்சா

சைக்கிள் பந்தயத்தில் எது கடினம், எது சுத்தம் என்று என் கூட்டாளியோடு சண்டை போட்டே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான் இளமையில் குழுவாக ஓட்டும் பந்தயங்களில் ஓடியவன். பின்னால் கார் வரும், தண்ணீர் நீட்டுவார்கள், டயர் வெடித்தால் வேறு சக்கரம் மாட்டுவார்கள். அவன் அதைப் பல்லக்குச் சவாரி என்பான். அவன் வருடா வருடம் நடத்தி, சில வருடம் தானும் ஓட்டுகிற தனிச்சவாரிதான் பந்தயமாம். கூலாயில் கிளம்பி பண்டார் தெங்காரா, மெர்சிங், காஹாங், குளுவாங் என்று சுற்றித் திரும்ப வேண்டும். யாரிடமும் உதவி வாங்கக்கூடாது. கடையில் காசு கொடுத்து வாங்கலாம், அவ்வளவுதான். பதக்கம் கிடையாது. முடித்தவர்களின் பெயரை எல்லார் முன்னாலும் அவன் வாசிப்பான்.

"பல்லக்குல போனவனுக்கு இதெல்லாம் தாங்காது லா," என்று ஒருநாள் நாலு பேர் நடுவில் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, முட்டியில் பழைய வலி. இருந்தும் அந்த வருடம் பெயர் கொடுத்தேன். அவன் வாயாலேயே என் பெயரை வாசிக்க வைக்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியதில்லை.

இரண்டையும் ஓட்டியவன் சொல்கிறேன், கடினம் என்பது ஒன்றல்ல. கூட்டத்தில் ஓட்டும்போது முன்னால் போகிறவனின் வேகம் நம் உயிரை எடுக்கும், நிற்க முடியாது. தனியாக ஓட்டும்போது எந்த நிமிடமும் நிற்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அந்தச் சுதந்திரம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். மெர்சிங் தாண்டியதும் இருபக்கமும் செம்பனைத் தோட்டம், மறுபடியும் செம்பனை. லாரிக்காரன் ஹார்ன் அடித்தால்கூடப் பேச்சுத்துணைக்கு ஆள் வந்ததுபோல் இருந்தது.

காஹாங்கில் கால் பிடித்துக்கொண்டது. ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் சைக்கிளோடு சரிந்து உட்கார்ந்தேன். கடைக்காரர் பாய் ஓடிவந்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"மெர்சிங்லேர்ந்து."

"சைக்கிள்லயா? அலமாக்!"

தேநீரும் ரொட்டியும் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பணத்தை நீட்டினால் கையைத் தள்ளிவிட்டார். "காசெல்லாம் வேணாங்க. நான் பெலாஞ்சா."

மறுபடியும் நீட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவர் பெலாஞ்சா, அதாவது இது என் செலவு, என்று சொல்லி வாங்கிக்கொடுத்ததற்கு வம்படியாகக் காசு கொடுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். பணத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கூலாய் திரும்பியபோது என்னால் நிற்க முடியவில்லை. கூட்டாளிதான் கட்டிப்பிடித்துத் தாங்கினான். ஓட்டி முடித்த மகிழ்ச்சியில் பாயின் கதையை நானே சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"ஓசியில சாப்பிட்டியா? அப்போ அது உதவிதான்டா. பேரு வாசிக்க முடியாது."

"ஒரு டீக்கு என்னடா தீட்டு? போன வருஷம் உன் வீட்டுல கட்டிக்கொடுத்த சப்பாத்தியத் தின்னுக்கிட்டே ஓட்டினியே, அது?"

"அது கிளம்புறதுக்கு முன்னால வாங்கினது. ரூல் அப்படி."

முடித்தவர்களின் பெயர்களை வாசித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்ட கை. அவன் சுத்தம் யாருக்கு வேண்டும்? காசைக் கொடுத்து ஒரு நல்ல மனிதரை நோகடித்திருந்தால் நான் சுத்தமானவன். அவர் அன்போடு கொடுத்ததைக் குடித்ததால் கள்ளன். த்தூ!

அடுத்த ஞாயிறு எதுவும் நடக்காதவன்போல் வந்து என்னைத் தேநீர் குடிக்க அழைத்துப்போனான். குடித்து முடித்ததும் பழக்கப்படி பணத்தை எடுத்தான்.

"விடுடா, நான் பெலாஞ்சா."

என் குவளைக்கான காசை மேசையில் வைத்தேன்.

"வேணாம். உதவி வாங்கக்கூடாதுல்ல?"

அவன் முகமும் பாயின் முகத்தைப் போலவே சுருங்கியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சண்டைகூடப் போடுவதில்லை.