இரண்டு நூல் தண்ணீர்

குளித்துவிட்டு வெளியே வந்ததும் அவர் நேராகப் போய்விட மாட்டார். வலது கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கதவு நிலைக்குப் பக்கத்தில் குனிந்து, சுவரின் அடியில் புறங்கையை வைப்பார். மனதுக்குள் மூன்று எண்ணுவார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே நடப்பார். ஆறு வருடமாக இது நடக்கிறது. ஆறு வருடமாகச் சுவர் காய்ந்துதான் இருக்கிறது.

லாரிகளை எடைபோடும் மேடையில் அவருக்கு வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, திரையில் வரும் எண்ணைச் சீட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். "ஒரு பத்து கிலோ பார்த்துப் போடுங்களேன்" என்று எந்த டிரைவர் இளித்தாலும், "ஒரு கிராம்கூட நடக்காது" என்பார். அந்த மேடை பத்து கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது. அதனாலேயே அவருக்கு 'கிராம்' என்று பேர் விழுந்தது. கேலியாக ஆரம்பித்தது, போகப்போக மரியாதையாகிவிட்டது. கிராம் சொன்னால் சரியாக இருக்கும் என்றார்கள். அவரும் அதை நம்பினார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். பல வருடம் பெடல் மிதித்த முழங்கால்கள் மடங்க மறுத்தன. குந்தி உட்காரும் பழைய கழிப்பறையில் சுவரைப் பிடித்து எழும்போது அவள் விடும் மூச்சு கூடம் வரை கேட்கும். ஒருநாள் அவரே சொன்னார்: "இடிச்சிட்டுப் புதுசா கட்டிரலாம்."

குளியலும் கழிப்பறையும் சேர்ந்த ஐந்தடிக்கு ஏழடி அறை. கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்றார். அவரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டில் மாற்றுவது அடுத்த வருடத்துக்குப் போனது.

இடித்த மறுநாள் கொத்தனார் ஒரு குழாய்த் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். விரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. குழாய் முழுக்க மாற்ற இருபத்திரண்டாயிரம். அடுத்து, கழிவுநீர் ஓடும் வாட்டம் சரியில்லை என்று ஒன்பதாயிரம்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா மேஸ்திரி?"

"செவுத்துக்குள்ள என்ன இருக்குன்னு இடிச்சாத்தான் சார் தெரியும். மனுஷன் வயித்தைக்கூட படம் எடுத்துப் பாத்துர்றாங்க. இதுக்கு அந்த வசதி இல்ல."

மனைவி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தைவிட அவரை அரித்தது வேறொன்று. வேலை முடியும்வரை கீழ்வீட்டு டீச்சரின் குளியலறைதான் இவர்களுக்கும். தினமும் காலையில் துண்டும் சோப்பு டப்பாவுமாகப் படியிறங்க வேண்டும். டீச்சர் தங்கமானவர். அவர் கணவரோ அதற்கு மேல். வாயில் பிரஷ்ஷோடு வெளியே காத்துக்கொண்டு, "நிதானமா வாங்கண்ணே, எனக்கு ஆபீஸ் பத்து மணிக்குத்தான்" என்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'நிதானமா' காதில் விழுந்தால் போதும், இவர் போன காரியம் நடக்காமலே தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வருவார். மனைவி ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பற்றி இறங்குவதை அவர் பார்க்க மாட்டார். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வார்.

பதினேழாவது நாள், தரையில் நீர்க்காப்புப் பூச்சு பூசி முடிந்தது. கொத்தனார் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்து, தரை முழுவதும் கணுக்காலளவு தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் வாசலில் நிற்கவைத்து விளக்கினார்.

"ரெண்டு நாள் நிக்கட்டும். ஒரு நூல் குறைஞ்சா காத்து குடிச்சதுன்னு விட்டுரலாம். ரெண்டு நூல் குறைஞ்சா எங்கயோ போகுதுன்னு அர்த்தம். உடனே போன் பண்ணுங்க, மறுபடி பூசணும்." அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல்.

"மறுபடின்னா எவ்ளோ ஆகும்?"

"பொருள் மட்டும் பதினெட்டாயிரம். எட்டு நாள் கூட ஆகும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கவலையே வேணாங்கக்கா. அளக்கிறது கிராம் சார். அப்பீல் ஏது?"

மறுநாள் காலை அவர் ஸ்கேலோடு போய்க் குந்தினார். கோட்டுக்குச் சரியாக இரண்டு நூல் கீழே. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அதே இரண்டு.

போனைக் கையில் எடுத்தார். பதினெட்டாயிரம். எட்டு நாள். கீழே யாரோ பல் தேய்க்கும் சத்தம். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, சமையலறைக் குழாயில் ஒரு பக்கெட் பிடித்துவந்து, சத்தம் வராமல் சுவரோரமாகச் சாய்த்து ஊற்றினார். தண்ணீர் கோட்டைத் தொட்டது. இன்னொரு நாள் பார்க்கலாம், நாளைக்கும் இரண்டு குறைந்தால் சொல்லிவிடலாம் என்று தனக்கே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்த நாள் காலை ஒரு நூல்தான் குறைந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தைய நாள் புதுப்பூச்சு உறிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். கொத்தனார் வந்து பார்த்துத் தலையாட்டினார். "ஒரு நூல். காத்து குடிச்சது." அன்றைக்கே தரையில் டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்தார்.

நான்கு மாதம் கழித்து டீச்சர் மேலே வந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எங்க பாத்ரூம் மேல ஒரு கறை மாதிரி தெரியுது." இவர் போய் அண்ணாந்து பார்த்தார். தட்டு அளவுக்கு, பழுப்பாக, நடுவில் முத்து முத்தாக நீர்.

கொத்தனார் வந்தார். எதுவும் கேட்கவில்லை. "பூச்சு எங்கயோ விட்டிருக்கு. என் கை தப்பு" என்றார். ஒரு வாரக் கூலியை விட்டு, பொருளையும் தன் பணத்தில் வாங்கி, டைல்ஸை உடைத்துத் திரும்பப் பூசினார். கிராம் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் வாயைத் திறந்தார். அவர் மனைவிதான் பேசினாள். அதிர்ந்து பேசாதவள், அன்றைக்குப் படி வரை கேட்கப் பேசினாள்.

"ஒழுங்கா பூசத் தெரியலன்னா எதுக்கு மேஸ்திரி அவ்ளோ ஜம்பம்? என்னமோ ரெண்டு நூலு, ஒரு நூலுன்னு பாடம் நடத்துனீங்க."

"வாஸ்தவம்தான் அக்கா" என்றார் கொத்தனார், தலை தூக்காமல்.

கசிவு நின்றது. ஆனால் டீச்சரின் தம்பி கட்டிக்கொண்டிருந்த வீட்டில் மூன்று குளியலறை வேலை கொத்தனாருக்கு என்று பேசியிருந்தார்கள். அது வேறு ஆளுக்குப் போனது. டீச்சர் இதைப் படியில் நின்று சாதாரணமாகத்தான் சொன்னார்: "நல்ல மனுஷன்தான். ஆனா வேலைய நம்ப முடியலையே, என்னண்ணே?" இவர் "ஆமா" என்றார். அந்த 'ஆமா'தான் அவரை விடவில்லை. எடைமேடையில் யாராவது "கிராம் அண்ணே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூசியது.

ஏறக்குறைய ஒரு வருடம் இழுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனார் வேலை செய்யும் இடத்தைத் தேடிப் போனார். பாதி எழும்பிய சுவரின் நிழலில், கவிழ்த்துப்போட்ட சட்டிமேல் உட்கார்ந்து கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, அன்னிக்கு உங்க தப்பு மட்டும் இல்ல. மொதநாளே ரெண்டு நூல் குறைஞ்சுது. நான் ஒரு பக்கெட் ஊத்தி ரொப்பிட்டேன்."

கொத்தனார் இன்னொரு வாய் டீ குடித்தார். டம்ளரில் மிச்சமிருந்ததை மண்ணில் ஊற்றினார்.

"மறுநாள் ஊத்தலையா?"

"இல்ல. ஒரு நூல்தானே குறைஞ்சுது. அதான் சரியாயிருச்சுன்னு..."

"அது எப்படி சார்? ஓட்டை ஒரே ராத்திரில பாதி அடைபடுமா?" கொத்தனார் யோசித்தார், விட்டுவிட்டார். "பொருள் காசக் குடுத்துருங்க, வாங்கிக்கறேன். கூலி வேணாம், பூச்சுல ஓட்டை விட்டது நான்தானே. ஆனா டீச்சரம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு அதுதான் வேணும்."

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, நின்ற வாக்கில் சொன்னார். டீச்சர் கதவைப் பிடித்தபடியே கேட்டார். "சரிங்க" என்றார். 'அண்ணே' வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

மேலே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கொத்தனாருக்குப் புரியாமல் போன அந்த ஒரு நூல் கணக்கைச் சொன்னபோது நின்றது. ஊசிக்கடியில் துணி அப்படியே கிடக்க, அவள் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க காலைல ஊத்துனீங்களா?"

"ஆமா. ஒரு பக்கெட்."

"எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்கு மத்தியானம் போய்ப் பாத்தேன். கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்துச்சு. இன்னும் எட்டு நாள் அந்தப் படில எறங்கணுமான்னு..." அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அரை பக்கெட் ஊத்துனேன்."