மோம் கொட்டகையின் கதவு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் தருமபுரியில் காதர் சாயபுவின் மெழுகுக் கொட்டகையில் வேலை பார்த்தேன். வத்தல்மலைக்காரர்கள் கொண்டுவரும் தேனடையை வெந்நீரில் உருக்கி, கோணியில் வடிகட்டி, பாளமாக ஊற்றுவோம். நாங்கள் மெழுகு என்போம். பெங்களூர் வியாபாரி மேணம் என்பார். உருது பேசும் சாயபுவுக்கு அது மோம். மெழுகுவத்தி மோம்பத்தி, மெழுகுத்துணி மோம்ஜாமா. கொட்டகைக்கே மோம் கொட்டகை என்று பேர் விழுந்துவிட்டது.

ஒரு சீசனில் மலையிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. இப்படியே போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்றார் சாயபு. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மலையேறிப் போய், வழக்கமாக அடை கொண்டுவரும் சடையனைக் கேட்டேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"பட்டாளத்துல இருந்து லீவுல வந்த பையன் சொன்னானுங்க. எகிப்துல பழைய பொணத்துல இருந்து மூமியான்னு மருந்து எடுப்பாங்களாம். நீங்களும் ஆளைத் தலைகீழாத் தொங்கவிட்டுத் தைலம் எறக்கறீங்களாமே? இல்லாட்டி கதவை எதுக்குச் சாத்தறீங்க?"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஊற்றிய பாளத்தில் காற்றுப் பட்டால் வெடிப்பு விழுந்துவிடும். அதற்காகத்தான் கதவைச் சாத்துவோம். அதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

கெஞ்சிக் கூத்தாடிச் சடையனை அழைத்து வந்தேன். துணைக்குத் தம்பிகள் இருவர், ஆளுக்கொரு அரிவாளோடு. சாயபு அரிவாளைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பாரசீகத்துல மெழுகுக்கு மோம்னு பேருப்பா. அங்க பாறையில கறுப்பா ஒரு பிசின் வடியும். மெழுகாட்டம் இருந்ததால மூமியான்னாங்க. எலும்பு முறிஞ்சா பூசுவாங்க. எகிப்துப் பொணத்து மேலயும் கறுப்பா அப்பியிருந்துச்சா, அதுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. வெள்ளைக்காரன் மம்மின்னுட்டான். இந்தப் பேருக்கெல்லாம் மூலம் இந்த அண்டாவுல கெடக்கற மெழுகுதான். நீயே உருக்கிப் பாரு."

கதவை அகலத் திறந்து வைத்தோம். சடையன் தன் அடையைத் தன் கையாலேயே உருக்கி ஊற்றினார். மலைக்காற்று உள்ளே புகுந்தது. ஆறும்போதே பாளம் நடுவில் பிளந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

மறுபடி உருக்கி ஊற்றினார். ஊற்றியதும் வாசலில் நின்ற தம்பிகளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அரிவாளை வெளிய வெச்சுட்டு உள்ள வாங்கடா, காத்து வருது!"

கதவைச் சாத்தியது அவர்தான். நாங்கள் எல்லோரும் உள்ளே வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். எனக்கு உயிர் வந்தது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: கதவைச் சாத்துங்கள், ஆனால் சரக்கு கொண்டுவந்தவரை உள்ளே வைத்துச் சாத்துங்கள். அந்தச் சீசன் முடியும்வரை அடையோடு இறங்கிய மலைக்காரர்களால் எங்கள் கொட்டகையில் உட்கார இடமே இல்லை.