மாமா தூங்கக் கற்றுக்கொண்ட கதை

என் மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் தூக்கம் வராது. அது அவருடைய படுக்கை. மற்றபடி பஸ்ஸில் தூங்குவார், முடிவெட்டும் கடையில் தூங்குவார், சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்குவார். அம்மாவின் ஒரே தம்பி. அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்ததும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். நான் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் துவாக்குடி பஸ் ஏறினால் வழியில் அரியமங்கலம் வரும். மாமாவுக்கு மட்டும் அது பல நாள் வராமலே போய்விடும். கண்டக்டர் தட்டி எழுப்பும்போது பஸ் துவாக்குடியில் நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து திரும்பி வந்து சேருவதற்குள் பட்டறையில் டீ நேரம் ஆகியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். ஓடுகிற மெஷின் முன்னால் நின்றபடியே மாமா கண்ணசந்த அன்று, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அம்மா அன்று முழுக்க மாமாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் திருவெறும்பூரில் ஒரு வரன் வந்தது. பெண் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதற்கு முன் வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. அதனால் இதையாவது விட்டுவிடக் கூடாதென்று அம்மா கவலையாக இருந்தாள். தம்பி தெம்பாகத் தெரிய வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக் குழம்பும் சோறுமாகத் திணித்து அனுப்பினாள். சாயங்காலம் நாலு பேரும் கிளம்பிப் போனோம்.

பெண் வந்து காபி கொடுத்துவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. பெரியவர்கள் யாருக்கு யார் எந்த வழியில் சொந்தம் என்று ஆராயத் தொடங்கினார்கள். தலைக்கு மேலே ஃபேன் சீராகச் சுற்றியது. மாமா உட்கார்ந்திருந்த சோபா மெத்து மெத்தென்றிருந்தது. எனக்கே கண் செருகியது. பக்கத்திலிருந்து மெல்ல ஒரு குறட்டை கேட்டபோது முதலில் நான்தான் தூங்கிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

அப்பா முழங்கையால் இடித்தார். மாமா திடுக்கிட்டு நிமிர்ந்து, எதிரே இருந்த பெண்ணின் அப்பாவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"துவாக்குடி வந்துடுச்சாங்க?"

பெண்ணின் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லைங்க, இது திருவெறும்பூர்தான்," என்றார்.

அம்மாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவள் என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த நர்ஸ் அக்கா எழுந்து என் கையைப் பிடித்து, "வா, பின்னாடி முயல் இருக்கு, காட்டுறேன்," என்று கூட்டிக்கொண்டு போனார்.

முயல் இருந்தது. ஆனால் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டு, "உங்க மாமா தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. ராத்திரி மட்டும் தூங்க மாட்டாரு."

"ராத்திரி என்ன பண்ணுவாரு?"

பெரியவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். வேலை விட்டு வந்ததும் அம்மா கொடுக்கும் பெரிய டம்ளர் காபியில் தொடங்கினேன். இருட்டிய பிறகு ராஜகோபுரத்துப் பக்கம் சிநேகிதர்களோடு குடிக்கும் டீ, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடையில் வாங்கி வரும் பரோட்டா, சால்னா, அதைத் தின்றுவிட்டு உடனே படுத்துப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்க்கும் கிரிக்கெட், நெஞ்சு எரிகிறது என்று எழுந்து குடிக்கும் சோடா, எதையும் விடவில்லை. அக்கா சிரிக்கவில்லை. காய்ச்சல்காரர் சொல்வதைக் கேட்பதுபோல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"புகை, குடி எதுவும் உண்டா?"

"அதெல்லாம் கிடையாதுக்கா. பரோட்டா மட்டும்தான்."

"சரி. நான் கேட்டேன்னு வீட்ல சொல்ல வேண்டாம்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா விழித்துக்கொண்டே வந்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோபாவிலிருந்து கீழே விழாமல் இருந்தானே, அதுவரைக்கும் சந்தோஷம் என்றார் அப்பா. இந்த வரனும் போயிற்று, அதற்கு என் வாயும் ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த வாரமே போன் வந்தது. பெண்ணுக்குச் சம்மதமாம். கல்யாணத்தை மட்டும் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமாம். அதற்குள் மாப்பிள்ளை தூங்கப் பழக வேண்டுமாம். அந்த அக்காவே அம்மாவிடம் பேசினார். மத்தியானத்துக்கு மேல் காபி, டீ கூடாது. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போனைத் தொடவே கூடாது. தானும் நைட் டியூட்டி பார்த்துத் தூக்கம் கெட்டு, இப்படித்தான் சரிசெய்துகொண்டதாகச் சொன்னாராம்.

"நேர்ல பாத்த மாதிரி பரோட்டா வரைக்கும் சொல்றாளே," என்று அம்மா வியந்தாள். நான் வீட்டுப்பாடத்தில் மூழ்கினேன்.

அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. களைத்து வரும் தம்பிக்கு ஆசையாகக் கலந்து கொடுத்த காபி அது. "நான் ஊத்துன காபியிலதான் இவன் தூக்கம் போச்சாமா?" என்று அப்பாவிடம் குறைப்பட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு மாமியார் வேலை பாக்குறா," என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே மறுநாள் சாயங்காலம் காபிப் பொடி டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு, பனங்கற்கண்டு போட்ட பால் காய்ச்சினாள்.

ஆரம்பத்தில் மாமா பட்ட பாடு சொல்லி முடியாது. தலைவலி என்பார். ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டு, பரோட்டாக்கடை இருக்கும் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவரோடு சித்திரை வீதியில் நடக்கும் வேலையும், போனை வாங்கி ஃப்ரிட்ஜுக்கு மேல் வைக்கும் வேலையும் எனக்குக் கொடுக்கப்பட்டன. இதற்குமுன் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை. மாமா கெஞ்சினாலும் நான் இளகவில்லை.

மெல்ல மெல்லத் தூக்கம் படுக்கைக்கு வந்தது. ஒரு நாள் காலையில் நான் எழுந்தபோது மாமா குளித்து, தலை வாரி, கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரோ விருந்தாளி என்று நினைத்துவிட்டேன். அன்று அவர் அரியமங்கலத்தில் தானாகவே இறங்கினார். பிறகு தினமும் இறங்கினார். பட்டறை முதலாளி ஒரு புது மெஷினையும் அவர் பொறுப்பில் விட்டார். மாமாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. அம்மா அந்தக் காபிப் பேச்சை மன்னித்தாள்.

எனக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். கொஞ்ச நாளாக மாமா என்னை விட்டுவிட்டுத் தனியாக நடக்கப் போனார். அப்படிப் போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போனார். மாடியிலிருந்து பார்ப்பேன். காதில் போனை வைத்தபடி வீதி முனை வரை போவார், சிரிப்பார், திரும்பி வருவார், மறுபடியும் போவார். வந்ததும் நேராகப் படுத்து, நிம்மதியாகத் தூங்கியும் விடுவார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. சாப்பிட்ட பிறகு போன் கூடாது என்று சொன்ன அக்காவிடமே இதைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

அம்மாவின் போனை எடுத்து, மாமா வீதியில் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்கு அடித்தேன். அவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அடித்தேன். அதே குரல். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே.

அம்மாவிடம் போய், "அந்த அக்காவுக்குப் போனே கிடைக்க மாட்டேங்குதும்மா. எப்பவும் பிஸியாவே இருக்கு," என்றேன்.

அம்மா தோசைக்கல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பாவம், ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, போனை ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.