ஊட்டிய கை

தமிழ்ப்பள்ளியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு, நாற்பதை எட்டப்போகும் நேரத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி படிக்கப் போனேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களிடம், நம் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இல்லையே என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒரே ஒரு பிள்ளைக்காகத்தான் போனேன். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. பேச்சு வரவில்லை. 'ம்மா' என்ற ஒரு சத்தம் மட்டும் இருந்தது. பசித்தாலும் அதுதான், மழை பெய்தாலும் அதுதான்.

பக்கத்துப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் அவனைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: பிள்ளை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவறைக்குப் போக அவன் பழகிவிட்டான். சாப்பாடுதான் பாக்கி.

படிப்பில் அதுதான் எனக்குக் கைவந்த பகுதி. ஒரு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கற்றுக்கொடுப்பது, நம் உதவியை மெல்ல மெல்லக் குறைப்பது. பயிற்சிக்குக் கிள்ளானில் ஒரு பள்ளி கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து விடியலிலேயே கிளம்பி ரயில் ஏறுவேன். அங்கே ஒரு சிறுமி, கரண்டியைக் கொடுத்தால் வீசி எறிவாள். முதலில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிறகு முழங்கையை மட்டும் தொட்டேன். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள் அப்பா, லோரி ஓட்டுபவர், பள்ளி வாசலிலேயே என்னை மறித்தார்.

"டீச்சர்! நேத்து அவளே அள்ளிச் சாப்பிட்டா டீச்சர். பாதி கீழதான் போச்சு. இருந்தாலும் அவளே! என் பொஞ்சாதி அழுதுட்டா லா."

"அழ வேணாம்னு சொல்லுங்க அண்ணே."

"நானும்தான் அழுதேன். அத யார்கிட்ட சொல்றது?"

ரயிலில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

என் கணவருக்குப் போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் பெரும்பாலும் இரவு வேலை. பகலில் மகன் அவரிடம். சாயங்காலம் நான் வந்ததும் அவன் ஓடிவந்து என் முழங்காலில் சாய்வான். பருப்பும் சோறும் பிசைந்து உருட்டி ஊட்டுவேன். நாள் முழுக்க அவனை விட்டுவிட்டுப் போன பாரம் ஒவ்வொரு உருண்டைக்கும் கொஞ்சம் இறங்கும். அந்த அரை மணி நேரம் அவனுக்காக என்று நினைத்திருந்தேன். எனக்காகத்தான் போலிருக்கிறது.

"கிள்ளான் புள்ளைக்குக் கரண்டி, நம்ம புள்ளைக்கு உருண்டையா?" என்பார் அவர்.

"ஒரு வேளைதானே, விடுங்க."

"மத்தியானம் என்கிட்ட அவனே சாப்பிடுறான். நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான் செய்றேன். உன்னப் பாத்தாதான் வாயத் தொறக்குறான்."

நான் பாதிதான் நம்பினேன். என் கண் முன்னால் ஒரு நாளும் அவன் கரண்டியைத் தொட்டதில்லை.

மகனைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்துப் பள்ளியிலிருந்து கூப்பிட்ட அன்று அவருக்குப் பகல் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. "டீச்சர்கிட்ட விட்டுட்டு நீ வெளிய நில்லு. மறந்துடாத" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த வகுப்பாசிரியை சின்னப் பெண், தமிழ்ப் பெண். தட்டில் சோறும் அவித்த முட்டையும் வைத்தாள். மலாய்க்காரத் தலைமையாசிரியை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"நான் இருந்தா அவன் பயப்பட மாட்டான்மா" என்றேன்.

மகன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு வாயைத் திறந்தான். 'ம்மா.' திறந்த வாயை மூடவே இல்லை. காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டையில் எச்சில் வடிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பரீட்சையில் அதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். என் கை தட்டுக்குப் போனது. சோற்றைப் பிசைந்தது. எனக்கு உறைத்தபோது உருண்டை அவன் வாய்க்குள் இருந்தது. அவன் நிம்மதியாக மென்றான்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தலைமையாசிரியை மலாயில் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் வாசல்வரை கூட வந்தாள்.

"டீச்சர், நீங்களும் இதத்தானே படிக்கிறீங்க?"

குத்திக்காட்டவில்லை. புரியாமல்தான் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

கணவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வேலை முடிந்து வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பசியோட வரலியே, ஏதாச்சும் சாப்பிட்டான்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

நான் பட்டம் வாங்கிய வருடத்தை என் மகன் வீட்டுக்குள்ளேயே கழித்தான். பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை அவர்தான் அழைத்துப் போகிறார். இப்போது சாப்பாட்டு நேரம் வந்தால் மகனை அவரிடம் விட்டுவிட்டு நான் அடுக்குமாடி நடைபாதைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். இன்று மத்தியானமும் அப்படித்தான் நின்றேன். கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுபோனது. 'ம்மா' என்றான். இன்னொரு தரம், கொஞ்சம் அழுகையோடு.

நடைபாதைக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்ட பிறகும் விடவில்லை.