பாவுக்கு அடியில் நான் நடந்த காலை

ஓர் ஐப்பசி மழையில்தான் என் கைகள் நடுங்க ஆரம்பித்தன. அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் நான். சபையாரே, மேடையில் நின்று பேச எனக்கு வராது. முக்கும்மா, இன்னும் கொஞ்சம் முக்கு என்று அதட்டத்தான் தெரியும். ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

செவிலிமேட்டில் சரோஜா என்று ஒரு பெண். தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. டாக்டரம்மா வந்தும் காப்பாற்ற முடியவில்லை. உன் மேல் தப்பில்லை என்று அவர் பலமுறை சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனால் சரோஜா என் விரலைப் பிடித்துக்கொண்டே போனாள். அந்தப் பிடி என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஊசியை எடுத்தாலே கை ஆடும். யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். பிள்ளை பிறந்த வீட்டில் சர்க்கரை கொடுப்பார்கள் அல்லவா? வாங்கிக்கொள்வேன், வாயில் போட மாட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவும் கோபுரமும் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத் தெரியும். யாராவது கூப்பிட்டால் எங்கோ தூரத்தில் கேட்கும். தினமும் ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, இந்த நடுக்கத்தை எடுத்துவிடும், இல்லாவிட்டால் இந்த வேலையை எடுத்துவிடும் என்று அழுவேன். நடுக்கம் போகவில்லை. தை பிறந்ததும் வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

மார்கழியில் ஒரு காலை. நெசவாளர் தெருவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, அண்ணிக்கு வலி என்று கூப்பிட்டார். போனேன். தெரு நெடுகப் பாவு கட்டியிருந்தார்கள். புடவைக்கு நீளவாட்டில் போகும் பட்டு நூல்கள் அவை. கஞ்சி தடவி, சிக்கெடுத்து, ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். பாதியில் கையை விட்டால் நூல் ஒட்டிப் பாவே வீண்.

பாவு அந்த வீட்டுப் பாவுதான். மருமகள் பத்மா, வலி எடுத்தும் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு விடியலிலிருந்து நூல் பிடித்து நின்றிருக்கிறாள். இரண்டாவது பிரசவம், அதற்குள் வராது என்று நினைத்தாளாம். சுருண்டு உட்கார்ந்த பிறகுதான் மாமியாருக்கே தெரிந்தது. இந்த ஊரில்தான் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் நடக்கும்.

வீடு எதிர்ச்சாரியில் இருந்தது. சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. பாவு பிடித்திருந்தவர்களே அதைத் தலைக்கு மேலே தூக்கினார்கள்.

“பயப்படாத வாம்மா, நாங்க புடிச்சிக்கினு இருக்கோம்” என்றார் ஒரு பெரியவர்.

அரக்கு நிறப் பட்டு. பனிக்குள்ளிருந்து வந்த வெயில் அதன் வழியாக இறங்கி என் வெள்ளைச் சேலை சிவந்தது. சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. தூக்கத்தில் நடப்பது போல நடந்தேன். அந்தப் பெரியவரின் கை என் கையைவிட மோசமாக நடுங்கியது. பக்கத்தில் நின்றவர் தன் உள்ளங்கையை அவர் முழங்கைக்குக் கீழே கொடுத்திருந்தார். பாவு அசையவில்லை. பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன்.

நானும் மாமியாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்குள் குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி இறுகியிருந்தது. தளர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. கொடியில் இரண்டு கிளிப் போட்டுவிட்டேன். இனி நடுவில் வெட்ட வேண்டும். குழந்தையின் முகம் நீலம் பாரித்தது. கழுத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கத்தரி ஆடியது. ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. அந்தப் பெரியவரின் முழங்கைதான் கண்முன் வந்தது.

“அம்மா, என் கை ஆடுது. மணிக்கட்டப் புடிங்க” என்றேன். அதுவரை ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை.

மாமியார் திடுக்கிடவில்லை. “புடிச்சிக்கினேன். நீ வெட்டும்மா” என்றாள்.

வெட்டினேன். குழந்தை வழுக்கிக்கொண்டு வந்தது. முதலில் அழவில்லை. வாயைத் துடைத்து முதுகைத் தேய்த்தேன். பிறகு அழுதது பாருங்கள், தெருவே கேட்டது. கைதட்ட முடியாமல் பாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். பெண் குழந்தை. பத்மா கேட்ட முதல் கேள்வி, “பாவு இன்னா ஆச்சி?” என்பதுதான். மாமியார் அவளைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

சர்க்கரை கொடுத்தார்கள். கை நடுங்கிப் பாதி சேலையில் கொட்டிவிட்டது. மீதியை வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது. அங்கேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.

தை பிறந்தது. நான் வேலையை விடவில்லை. நடுக்கத்தை எடும் என்றுதான் கேட்டேன். ஆண்டவர் எடுக்கவில்லை, பிடித்துக்கொள்ள ஒரு கையைக் கொடுத்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒருவரைக் கை கழுவச் சொல்லி என் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். ஸ்தோத்திரம் சொல்லாத நாளில்லை. இங்கே யாராவது நடுங்கும் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

சரோஜாவின் பிடி இன்னும் என் விரலில் இருக்கிறது. இப்போது மணிக்கட்டில் இன்னொரு பிடியும் இருக்கிறது.